எமிலியின் இராச்சியத்தில் ஒரு பாவித்த கமரா

கண்டியை ஆண்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், புள்ளி போடுவார்கள். நடந்தது வேறு. 1815 மார்ச் 2ஆம் திகதி மன்னனிடமிருந்து இராச்சியத்தை ஆங்கிலேயன் பறித்தான். 1869இல் ஆங்கிலேயனிடமிருந்து ஒரு பங்கசு பறித்தது. அந்தப் பங்கசின் வம்சம் இன்னும் சிம்மாசனத்தை விட்டு இறங்கவில்லை. கோப்பி இலையில் முடிசூடிய ஆட்சி இன்று கமரா லென்ஸ்வரை பரந்து கிடக்கிறது. பையில் கொஞ்சம் காசும் மனதில் நிறைய ஆசையுமாகக் கண்டியில் பாவித்த டிஜிட்டல் கமரா ஒன்று வாங்கப் புறப்படுகிறவர், மெகாபிக்சல் கணக்குப் பார்ப்பதற்கு முன் இந்த வம்சத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. விலை பேசும்போது உதவும்.

மன்னனிலிருந்தே தொடங்குவோம். மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி 1798இல், பதினெட்டு வயதில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். ஏறியவன் சும்மா இருக்கவில்லை. மாளிகைக்கு முன்னால் இருந்த வயலை மறித்து 1807இல் வாவி கட்டினான். கரையில் அலை அலையாக வளைந்து போகும் வெள்ளைச் சுவரையும் வைத்தான். பிரதானிகளுக்குப் பிடிக்கவில்லை. நெல் விளையும் நிலத்தில் தண்ணீரை நிரப்பி வைத்து என்ன காண்பது என்பது அவர்கள் கேள்வி. முரண்டு பிடித்தவர்களை வாவியின் அடியிலேயே கழுவில் ஏற்றினான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிரதானிகளுக்கு விளங்காதது இதுதான்: பின்னாளில் கமரா வாங்கப்போகிற ஒவ்வொருவனும் முதல் நாள் எங்கே போய் நிற்பான்? வெள்ளைச் சுவர், நடுவிலே தீவு, தண்ணீரில் தலைகீழாக மலை, மரக்கிளையில் ஒரு நீர்க்காகம். இருநூறு வருடத்துக்குப் பிந்திய புதுப் படப்பிடிப்பாளனுக்காக முன்கூட்டியே ஒரு காட்சியைக் கட்டி வைத்துவிட்டுப் போன தீர்க்கதரிசி அவன். பாவம், அவனுக்கென்று ஒரு படம் இல்லை. வேலூரில் சிறை இருந்து 1832இல் கண்ணை மூடினான். பாரிசில் டாகுவேர் தன் கமராவை உலகத்துக்குக் காட்டியது 1839இல். ஏழு வருடம் பிந்திவிட்டது. எந்தக் கமராவையும் 'இன்னும் நல்ல மொடல் வரட்டும்' என்று காத்திருந்து வாங்க நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

மன்னன் முடியிழந்து மூன்று மாதம் கழித்து, 1815 ஜூன் 11ஆம் திகதி, கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஜூலியா மார்கரெட். வளர்ந்து, சார்ள்ஸ் ஹே கமரன் என்ற சட்டப் பண்டிதரைக் கட்டிக்கொண்டாள். வரலாற்றுப் புத்தகத்தில் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். அதன் பின்பாதி, 1830இல் இலங்கைக்கு வந்து இறங்கிய இந்த மனிதர்தான். அந்த ஆணைக்குழு எழுதிக் கொடுத்ததன்படி இராஜகாரியம் ஒழிந்தது. 1833இல் கண்டிப் பிரதேசத்தின் தனி நிர்வாகமும் கலைந்து கொழும்போடு கரைந்தது. ஒரு இராச்சியத்தைக் காகிதத்தில் கலைத்தவருக்கு அதன் மலைகள்மீது தீராத காதல் வந்துவிட்டது. காணி வாங்கினார், கோப்பி போட்டார். மனைவியைவிடக் கோப்பியைத்தான் அதிகம் நினைத்தார் என்று சொன்னால் அவதூறாகிவிடும். ஆனால் 1863இன் கடைசியில் அம்மையார் இங்கிலாந்தின் வைற் தீவில் தனியாக உட்கார்ந்திருக்க, ஐயா இலங்கையில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் உண்மை.

அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு கமராவைப் பரிசாக அனுப்பினார்கள். அப்போது அம்மாவுக்கு 48 வயது. யோசித்துப் பாருங்கள்: மலைநாட்டுக் கோப்பி இல்லையென்றால் கணவர் வீட்டில் இருந்திருப்பார், கணவர் வீட்டில் இருந்திருந்தால் கமரா வந்திருக்காது. உலகப் படக்கலை வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயத்துக்குச் செலவு கொடுத்தது நம்முடைய கோப்பி மரம். நாம் இதுவரை அதற்குப் பில் அனுப்பவில்லை.

புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஜூலியா அம்மையாரின் முதல் மாதத்தைப் போல ஆறுதல் தருவது வேறில்லை. முதல் படத்தை எடுத்து, அதன் ஈரப் பக்கத்தைக் கையாலேயே தடவி, தானே அழித்தார். கோழிக் கூட்டைக் காலி பண்ணி ஸ்டூடியோ ஆக்கினார். நிலக்கரி வைத்த அறை இருட்டறை ஆனது. கோழிகளின் கதி என்ன ஆயிற்று என்பதில் அவருக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கிறது. அவற்றை யாரும் சமைத்துச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகத்தான் பின்னாளில் எழுதி வைத்தார். 1864 ஜனவரியில் ஆனி பில்பொட் என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அந்தப் பிள்ளைதான் முழுப் படத்தையும் உண்டாக்கியவள்போல ஒரு பூரிப்பு அம்மையாருக்கு. பரிசுப் பொருட்களைத் தேடி வீடு முழுக்க ஓடினார்.

இங்கேதான் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. அம்மையாரின் முதல் கமரா ஒரு சாதாரண மரப் பெட்டி. அதில் இருந்த லென்ஸ் பாரிசில் ஜாமென் என்பவர் செய்தது, பெட்ஸ்வால் வகை. அதன் துவாரம் எஃப் 3.6. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மூக்கு நுனி தெளிவாக இருந்தால் காது மங்கும். காது தெளிந்தால் மூக்கு போய்விடும். லண்டன் படக்கலைப் பெரியவர்கள் 'போகஸ் இல்லை, போகஸ் இல்லை' என்று கத்தினார்கள். எது சரியான போகஸ் என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார் என்ற தொனியில் அம்மையார் திருப்பிக் கேட்டார். அவர் எடுத்த படங்களுக்காக இன்று அருங்காட்சியகங்கள் வரிசையில் நிற்கின்றன. கத்தியவர்களின் படங்கள், துல்லியமான போகஸோடு, எங்கேயோ துல்லியமாகத் தொலைந்துவிட்டன.

இப்போது கணக்குப் போடுங்கள். பாவித்த கமரா வாங்கப் போகிறீர்கள். உடலோடு ஒரு லென்ஸ் சேர்த்துத் தருவார்கள், 18–55. அதைக் கொஞ்சம் நீட்டி 55க்குக் கொண்டுபோனால் துவாரம் எஃப் 5.6. அதாவது 1863இல் ஒரு பாட்டிக்குப் பொழுதுபோக்காக வந்த லென்ஸ், உங்கள் லென்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெளிச்சத்தை உள்ளே விட்டது. நூற்று அறுபது வருட முன்னேற்றத்தின் பலன் இது. ஆகவே உடலுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தைக் கிள்ளி, பாவித்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஒன்று தேடுங்கள். பிளாஸ்டிக் பொம்மைபோல இருக்கும். 5.6க்குப் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். எசல பெரஹெரா இரவில் கொப்பரைப் பந்தம் மட்டும் எரிய, ஆடுகிறவன் சுழன்று சுழன்று வரும்போது இந்தப் பத்து மடங்கின் அருமை தெரியும். 18–55 வைத்திருக்கும் பக்கத்து ஆள் பிளாஷைத் தட்டுவார். யானைக்குப் பிடிக்காது. யானைக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அதைவிடப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. நிக்கோனின் டி40, டி3100, டி3200 போன்ற சிறிய உடல்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை 50 லென்ஸை மாட்டினால் படம் வரும், போகஸ் தானாக வராது. கையால் திருக வேண்டும். 'இதுக்கும் அதுக்கும் பொருந்தும் தம்பி' என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. பொருந்தத்தான் செய்யும். கனனில் அந்தத் தொல்லை இல்லை, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, நம் மன்னர் வருகிறார். வழி விடுங்கள்.

1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தட்டியது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த துவைற்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று ஞானஸ்நானம் நடந்தது. நாக்குச் சுளுக்கும் பெயர். தோட்டத் துரைமாருக்கு அது வாயில் நுழையவில்லை. 'நாசகாரி எமிலி' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். எதிரிக்குச் செல்லப் பெயர் வைக்கிற படை எங்கேயும் வென்றதில்லை. கோப்பி விலை நல்லாக இருந்ததால் துரைமார் எமிலியைப் பொருட்படுத்தவுமில்லை. ஒரு பருவத்தில் இலை கொட்டும், அடுத்த பருவத்தில் துளிர்க்கும், கிளப்பில் விஸ்கி வழக்கம்போல ஊற்றப்படும். இதற்கு மருந்தில்லை என்று துவைற்ஸ் அவநம்பிக்கையோடு சொன்னார், யாருக்கும் பிடிக்கவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து, பூதக்கண்ணாடியும் பொறுமையுமாக இரண்டு வருடம் ஆராய்ந்து, எமிலியின் பிறப்பு, வளர்ப்பு, பரவும் முறை எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். மருந்தைத் தவிர எல்லாம் கிடைத்தது. 1884இல் ஒரியன்டல் பேங்க் விழுந்தது. வாளோடும் பீரங்கியோடும் பல முறை ஏறிவந்து தோற்றுப்போன படைகளை எல்லாம் பார்த்த மலை இது. வெறும் ஒரு பொடி ஒரு வேட்டுக்கூட வெடிக்காமல் வெள்ளைக்காரனின் கோப்பியை முடித்துவிட்டது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலையை நட்டு வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம்முடைய பாட்டன் பூட்டன் எல்லாம் அன்றைக்கே கப்பலேறித் திரும்பியிருப்பார்கள். இந்தக் கட்டுரையும் மதுரைப் பக்கம் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும்.

கமரன் குடும்பத்துக்கு இந்த இடிதான் விழுந்தது. கோப்பி கொடுத்த காசு குறைந்துகொண்டே போக, இங்கிலாந்தில் சீமான்போல வாழ முடியவில்லை. இலங்கையில் சீமான்போல வாழ்வது மலிவு. 1875இல் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களில் ஒரு பசுமாடும் இரண்டு சவப்பெட்டிகளும் அடக்கம். பசு, கப்பலில் பாலுக்கு. சவப்பெட்டி, மலைநாட்டில் நல்ல சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற முன்யோசனைக்கு. வெறும் பெட்டியாக ஏன் கொண்டுபோவான் என்று அதற்குள் பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அடுக்கினார்கள். துறைமுகத்தில் சுமைகாரர்களுக்குக் கொடுக்கச் சில்லறை தீர்ந்துபோக, அம்மையார் தான் எடுத்த பெரிய படங்களை எடுத்து நீட்டினாராம். இன்றைக்கு ஏலத்தில் விட்டால் அந்தச் சுமைகாரனின் பேரன் கண்டியில் ஒரு ஹோட்டலே வாங்கலாம். இப்போது நிலைமை தலைகீழ். கலியாண வீட்டில் விடிய விடியப் படம் எடுத்தவனுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், 'உங்க பேரப் போட்டு ஃபேஸ்புக்ல போடுறோம் தம்பி' என்கிறார்கள்.

இலங்கையில் வந்து குடியேறிய தொரைசானி கமராவையும் இறக்கினார். ஈரக் கொலோடியன் முறை அது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். மருந்தில் இருப்பது ஈதர்; வெப்ப நாட்டில் அது நின்று பேசாது, பறந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவில் எதிரே நிற்கிறவர் அசையக்கூடாது. காலையில் பிரட்டுக்கு வந்த தோட்டத்துச் சனங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தியபோது என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை.

"அசையாம நிக்கணுமாம்டி."

"எம்புட்டு நேரம்?"

"தொரைசானி போதும்ங்கிற வரைக்கும்."

"சரி, அதுக்குப் பேரு போடுவாங்களா?"

நாள் கூலிக்குப் பேர் போடுவதா இல்லையா என்ற இந்தக் கேள்வி லயத்தில் இன்றும் ஓயவில்லை.

தொழிலாளர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. 1877இல் மேரியன் நோர்த் என்ற ஓவியர் களுத்துறையில் அம்மையாரின் விருந்தாளி. நண்பகல் வெயிலில் அவருக்குக் காஷ்மீர் கம்பளியைப் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலை முனைகள் மண்டையில் குத்த நிறுத்தி, 'இயல்பாக இருங்கள்' என்று கட்டளை. பேராதனைத் தோட்டத்தில் கலியாண ஜோடிகளை மரத்தில் தொங்கவைக்கிற நம்முடைய படப்பிடிப்பாளர்களின் குலகுரு இவர்தான். அவர்களுக்குத்தான் தெரியாது.

இத்தனை பாடுபட்டும் அம்மையார் இலங்கையில் எடுத்ததாக எஞ்சியிருப்பவை முப்பதைத் தொடாது. 1879 ஜனவரி 26ஆம் திகதி காலமானார். அடுத்த வருடம் கணவர். போகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். சவப்பெட்டிக்கு அலைய வேண்டி இருக்கவில்லை.

கண்டி நகரத்துக்குள் இந்தக் காலத்தில் கமராத் தொழில் வேறு மாதிரி நடந்தது. அங்கே கலையும் இல்லை, கம்பளியும் இல்லை, வியாபாரம். 1860களின் நடுவில் ஜோசப் லோட்டன் கண்டியில் கடை போட்டார். தோட்டங்களையும் மாளிகைகளையும் எடுத்தார். 1870இல் அரசாங்கத்துக்காக அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா என்று காடு காடாகப் போய் இடிபாடுகளைப் படம் பிடித்தார். கமராப் பெட்டி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், கூடாரமாக ஒரு இருட்டறை, எல்லாம் கூடவே போயின. சுமந்தவர் லோட்டன் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நோயோடு ஊர் திரும்பி 1872இலேயே இறந்தார். அவருக்குப் பின் திருகோணமலை வீதியில் சார்ள்ஸ் ஸ்கோவன் ஸ்டூடியோ திறந்தார். கண்டிக்கு ஒரு முகவரின் உதவியாளராக வந்த ஆள். பக்கத்தில் நின்று பார்த்தே தொழில் பழகுகிற நம்மூர் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. தென்னை, கமுகு, பேராதனைப் பெருமரங்கள், நகை போட்ட பெண்கள் என்று அவர் எடுத்த படங்கள் அச்சாகிக் கப்பலேறி வெள்ளைக்காரர் வீட்டு அல்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1890களில் கடையை மூடும்போது கண்ணாடி நெகட்டிவ்களைக் கொழும்பு அப்போதிக்கரீஸ் கம்பனி வாங்கி, அதே படங்களைத் தன் பெயரில் விற்றது. பாவித்த பொருள் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் கவனிக்கவும்: அப்போதே ஒரு மருந்துக் கடை வாங்கிப்போட்டது பாவித்த படங்களைத்தான்.

பிளேட் அன் கோ ஸ்டூடியோ வந்தது, பிலிம் வந்தது, 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்ததும் மத்திய கிழக்கிலிருந்து வந்த பெட்டிகளில் யஷிக்காவும் வந்தது. அந்தக் காலத்தை ஓடிக் கடந்துவிடுவோம். வீட்டுக்கு ஒரு கமரா. அது அலுமாரியில், பட்டுச் சேலைக்கு அடியில், தோல் உறைக்குள். வருடத்தில் மூன்று நாள் வெளியே வரும். எமிலியின் சொந்தக்காரர்களுக்கு இதைவிட நல்ல அரண்மனையைக் கண்ணுசாமியாலும் கட்டிக் கொடுத்திருக்க முடியாது.

ஜூலியா அம்மையார் கப்பலேறிச் சரியாக நூறு வருடம் கழித்து, 1975இல், அமெரிக்காவில் கொடாக் கம்பனி இளைஞன் ஸ்டீவன் சாசன் உலகின் முதல் டிஜிட்டல் கமராவைச் செய்தான். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. பத்தாயிரம் பிக்சல், அதாவது ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒன்று. ஒரு படத்தைக் கசட் நாடாவில் பதிய 23 விநாடி. லென்ஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? சினிமாக் கமரா உதிரிப்பாகங்கள் கிடந்த பெட்டியில் துழாவி எடுத்தது. உலகத்தின் முதல் டிஜிட்டல் கமராவே ஒட்டுப்போட்ட சாமான்தான். கொடாக்கின் பெரியவர்கள் 'பார்க்கலாம்' என்றார்கள். 2012இல் வங்குரோத்து மனுக் கொடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

2003இல் ஆயிரம் டொலருக்குக் கீழே கனன் 300டி வந்தபோதுதான் லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கமரா சாதாரண ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. நம் பக்கம் திரும்ப இன்னும் கொஞ்ச வருடம் எடுத்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்த மாமாமார் புதுசு வாங்கிக்கொண்டு பழசை அனுப்பினார்கள். 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. நூறு டொலர் பெறுமதியான ஒரு பழைய கமரா, அலுமாரியில் இருந்த இடத்தை விட்டு அசையாமலே, இருபதாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரத்துக்குப் போய்விட்டது. பெட்ரோல் வரிசையில் நின்றவர்களுக்குக் கமரா வைத்திருந்தவர்கள்மேல் வந்த பொறாமைக்கு நியாயம் உண்டு. அன்றிலிருந்து நம்மூரில் புதுசு வாங்குவது கனவில், பாவித்தது வாங்குவது நனவில்.

அதற்குள் இன்னொரு கூத்து. இருபது வருடத்துக்கு முந்திய சின்னப் பொக்கெட் கமராக்களை இளசுகள் மறுபடி தேடுகிறார்கள். நிறம் வேறு மாதிரியாம், பழைய வாசனையாம். ஆசை நல்லதுதான், ஆனால் 2005இல் நடந்ததைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சோனி தயாரித்துப் பல கம்பனிகளுக்குக் கொடுத்த சில சென்சர்கள் வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் செயலிழப்பது தெரியவந்து, கனன், நிக்கோன், பூஜி என்று பல பெயர்கள் இலவசமாகத் திருத்திக் கொடுப்பதாக அறிவித்தன. அந்தப் பிழை வந்தால் திரையில் ஊதா நிறக் கோடுகள் ஓடும், அல்லது இருட்டு. வெப்பமும் ஈரமும் என்று சொன்னது யாரைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அந்த வயதுக் கமராவை வாங்குவதென்றால் கடையிலேயே பத்துப் படம் தட்டிப் பாருங்கள். எந்த மெமரி காட் போகிறது என்றும் கேளுங்கள். எக்ஸ்டி காட், பழைய மெமரி ஸ்டிக் என்றால் கமராவைவிடக் காட் தேடுவது பெரும்பாடு.

உயர்ந்த வகைக்குப் போனால் கேட்க வேண்டியது ஷட்டர் கணக்கு. டி3100 போன்றவற்றின் ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருப்பதாகக் கம்பனி சொல்கிறது. அதற்கு மேலும் ஓடும், முன்னரும் நிற்கும். ஒரு குறிப்பு மட்டுமே அது. நிக்கோன் படக் கோப்பிலேயே எண்ணிக்கையை எழுதி வைக்கும், கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தால் தெரியும். கனன் அந்த இரகசியத்தைப் பெரும்பாலும் கோப்பில் எழுதுவதில்லை. விற்கிறவர்களின் வரலாற்று நூல் வேறு. வாகனம் விற்கிறவர்களிடம் கற்றது அது: கண்டியில் விற்பனைக்கு வருகிற எல்லாக் கமராவும் ஒரு டொக்டர் பாவித்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும், பூக்களை மட்டும் எடுத்தது. மகா டொக்டர்கள். கைப்பிடி றப்பர் உரிந்து, தோள்வார் கொக்கி தேய்ந்து, அழுத்துப் பொத்தானின் வர்ணம் போயிருந்தால், அந்த டொக்டர் சனிக்கிழமைகளில் கலியாண வீட்டுக்குப் போனவர். றப்பர் கையில் பிசுபிசுத்தால் அவர் அதற்குப் பிறகு நாலைந்து வருடம் அதை அலுமாரியில் வைத்தவர். லென்ஸ் துவாரத்தை எஃப் 16க்குக் குறைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசி, ஊதிப் போக்கலாம். நகராத நேர்க் கீறல் என்றால் விட்டுவிடுங்கள். மூடியைப் போட்டு இருட்டில் நீண்ட நேரம் ஒரு படம். சிவப்பும் நீலமுமாகச் சில நட்சத்திரம் மின்னினால் பயமில்லை, வானமே தெரிந்தால் விலையைக் குறையுங்கள்.

இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, மற்றத் தட்டில் டோர்ச்சை வையுங்கள். டோர்ச்தான் கனம். லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் சரித்துச் சரித்துப் பாருங்கள். தூசி சும்மா தூசி. எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது. நூல் நூலாகக் கிளைவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு வேர்ப் படம்போல ஏதாவது தெரிந்தால், தலையைக் குனிந்து வணங்குங்கள். மன்னர் அவர்தான். கோப்பியைத் தின்ற எமிலி இல்லை, தூரத்து உறவு. இந்தக் கிளை இலையைவிட்டு லென்ஸின் பூச்சில் குடியேறி, மெல்ல அமிலம் விட்டுக் கண்ணாடியையே அரிக்கும். ஓரத்தில் ஒரு சின்ன நூல் என்றால் படத்தில் தெரியாது, பாதி விலைக்குத் தந்தால் வாங்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் வெயிலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளிறும். துடைக்கக் கொடுக்கிற கூலியில் இன்னொரு 18–55 வாங்கிவிடலாம்.

அது தொற்றுநோய், ஒரு லென்ஸிலிருந்து மற்ற லென்ஸுக்குப் பாயும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. விதை காற்றிலேயே இருக்கிறது, யாருடைய வீட்டிலும். அதற்குப் பிடித்தது இருட்டும் ஈரமும். ஐந்நூறு மீற்றர் உயரத்தில், மகாவலி சுற்றி வளைத்த பள்ளத்தில், நடுவே ஒரு வாவியையும் வைத்துக்கொண்டு கண்டி இரண்டையும் தாராளமாகத் தருகிறது. வாவியைக் கட்டியது யார் என்று மறுபடி நினைவூட்டத் தேவையில்லை. பிரதானிகள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். வாங்கிய கமராவுக்கு வீட்டில் செய்ய வேண்டியது எளிது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று. முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். அரிசிப் பானை வேண்டாம், அது சோற்றுக்கு. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கமராவை வெளியே எடுத்து வெயில் காட்டுவது, அதாவது படம் எடுப்பது. சும்மா வைத்த கமராவில்தான் பங்கசு பட்டாபிஷேகம் பண்ணிக்கொள்ளும்.

விலை பேசுகிற கட்டத்துக்கு வந்துவிட்டோம். கடை எந்த வீதி என்று சொல்ல மாட்டேன், எல்லா வீதியிலும் இதே பேச்சுத்தான்.

"ஒரு கீறல் இல்ல தம்பி. டொக்டர் பாவிச்சது."

"டோர்ச் அடிச்சுப் பாக்கலாமா நானா?"

நானாவின் முகத்தில் ஒரு கணம் 1869 வந்து போனது. "பாருங்களேன்."

"ஓரத்தில நூல் மாதிரி ஒண்டு தெரியுது."

"அது டிசைன்."

"டிசைனுக்கு எவ்வளவு குறைப்பீங்க?"

குறைத்தார். குறைத்த சோகத்தை ஆற்றிக்கொள்ள மேசைக்கடியிலிருந்து ஒரு தடித்த தோல் உறையை எடுத்தார். அவருடைய வாப்பா காலத்து உறையாக இருக்க வேண்டும், மடிப்பில் பச்சை பூத்திருந்தது.

"இந்தாங்க, கவரும் சேத்து எடுத்துக்கங்க. சும்மா தாறன்."

"கவர் வேணாம் நானா. சார்ஜரத் தாங்க."

"சார்ஜர் தனிக் காசு."